பிரிவுபசார விழா நகைகள்: சட்டத்துக்கு எட்டாத பளபளப்பு

புது தில்லி: ஜனவரி பிறந்ததும் தலைநகரின் மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு விழாவுக்கான ஏற்பாடுகள் களைகட்டத் தொடங்குகின்றன. பிப்ரவரி மத்தியில் சிபிஎஸ்இ பொதுத் தேர்வுகள் தொடங்குவதற்கு முன்பாக, 12-ம் வகுப்பு மாணவர்களுக்கு 11-ம் வகுப்பு மாணவர்கள் அளிக்கும் பிரிவுபசார விழாதான் அது.

அமெரிக்காவில் பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்கு நடத்தப்படும் நடன விருந்துக்கு இணையான இடத்தை வட இந்தியாவில் இவ்விழா பெற்றுள்ளது. முசௌரி போன்ற மலைநகர உறைவிடப் பள்ளிகளில் ஆங்கிலேயர் காலச் சாயலுடன் நடன மாலைகள் நடப்பதுண்டு. தில்லியிலோ மாணவர்கள் கோட்டும் டையும் அணிந்து வர, மாணவிகள் பெரும்பாலும் முதன்முறையாகச் சேலை உடுத்தி வருகின்றனர். பாட்டு, பட்டமளிப்பு, விருந்து, இறுதியில் நடனம் என விழா நிறைவடைகிறது.

சேலையைத் தாயின் பீரோவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். காதிலும் கழுத்திலும் எதை அணிவது என்பதில்தான் வீட்டில் விவாதம் எழுகிறது. பதினேழு வயதுப் பெண்ணின் ஒரு மாலை நேர அலங்காரம் குறித்த இந்த விவாதத்துக்குள் தங்கத்தின் விலை, நுகர்வோர் பாதுகாப்பு, பள்ளிகளில் சமத்துவம் ஆகிய மூன்றும் அடங்கியிருக்கின்றன.

விலை சொல்லும் கணக்கு

2001-ல் 10 கிராம் தூய தங்கத்தின் விலை ஐந்தாயிரம் ரூபாய்க்கும் குறைவு. 2025 ஏப்ரலில் தில்லிச் சந்தையில் அது ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. தங்கத்தின் மீதான இறக்குமதி வரி 2024 ஜூலை பட்ஜெட்டில் 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்ட பிறகும் விலையேற்றத்துக்குத் தடை ஏற்படவில்லை.

பத்து கிராம் ஒரு லட்சம் ரூபாய் என்றே கணக்கிட்டாலும், 2 கிராம் எடையுள்ள 22 காரட் கம்மலில் தங்கத்தின் மதிப்பு மட்டும் 18 ஆயிரம் ரூபாய்க்கு மேல். செய்கூலியும் 3 சதவீத ஜிஎஸ்டியும் தனி. மாதச் சம்பளத்தை நம்பியுள்ள குடும்பம், மகளின் திருமணத்துக்கெனச் சேர்க்கும் தங்கத்தைப் பள்ளி விழாவுக்கென வாங்குவது அரிது.

எனவே மாணவிகளின் கால்கள் ஜன்பத், சரோஜினி நகர், லாஜ்பத் நகர் கடைவீதிகளை நாடுகின்றன. கருமை படர்ந்த வெள்ளி நிற ஜிமிக்கிகள், குந்தன் அட்டிகைகள், நெற்றிச்சுட்டிகள், பிரோசாபாத் கண்ணாடி வளையல்கள் ஆகியவையே அங்கு அவர்கள் தேர்வு செய்பவை. அசல் வெள்ளி வேண்டுவோர் சாந்தினி சௌக்கை அடுத்த தரீபா கலானுக்குச் செல்கின்றனர். குடும்பத்தின் வருமானத்தை அறிந்து மாணவிகள் எடுக்கும் இந்த முடிவு பாராட்டத்தக்கதே. ஆனால், அவர்கள் வாங்கும் நகைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை.

விலக்குகளின் பட்டியல்

இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ், தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை வழங்கும் திட்டத்தை 2000-ல் தொடங்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் விருப்பத்தின் பேரில் இருந்த இம்முறை, 2021 ஜூனில் 256 மாவட்டங்களில் கட்டாயமாக்கப்பட்டது. எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இன்றி ஹால்மார்க் நகைகளை விற்கக் கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முத்திரையிட்ட நகையில் தரம் குறைந்திருந்தால், அக்குறைவுக்கான விலை வித்தியாசத்தைப் போல இரு மடங்கு இழப்பீடு பெற 2018-ம் ஆண்டின் பிஐஎஸ் விதிகள் வழி செய்கின்றன.

பள்ளி மாணவியின் நகைப்பெட்டியைத் திறந்து பார்த்தால் நிலைமை வேறாக உள்ளது. கட்டாய ஹால்மார்க் நடைமுறைக்கு வந்தபோது 2 கிராமுக்கும் குறைவான எடையுள்ள பொருள்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இளம்பெண்கள் அணியும் சிறு தோடும் மூக்குத்தியும் பெரும்பாலும் இந்த எடைக்குள் அடங்கிவிடுபவை. குந்தன், போல்கி, ஜடாவ் ஆகிய கல் பதித்த நகை வகைகளும் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கற்களும் அரக்கும் சேர்ந்திருக்கும் இவற்றில் தங்கத்தின் அளவைச் சோதிப்பது எளிதல்ல என்பது உண்மை. அதே காரணத்தால், வாங்குபவர் ஏமாறும் வாய்ப்பு மிகுந்தவையும் இவையே.

வெள்ளிக்கு ஆறு இலக்க அடையாளக் குறியுடன் கூடிய ஹால்மார்க் முறை 2025 செப்டம்பர் 1-ல் அறிமுகமானது. ஆனால் அது விருப்பத்தின் பேரில் மட்டுமே. கவரிங் நகைகளுக்கோ இத்தகைய முத்திரையே கிடையாது.

கடைவீதியில் 'ஜெர்மன் சில்வர்' என்று விற்கப்படும் உலோகத்தில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவை அது. நிக்கல் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. காது குத்திய துளையில் நாள் முழுவதும் உரசும்போது அரிப்பும் புண்ணும் ஏற்படலாம். இதை உணர்ந்த ஐரோப்பிய ஒன்றியம், தோலைத் தொடும் அணிகலன்களிலிருந்து வெளியேறும் நிக்கலுக்கு வரம்பு விதிக்கும் உத்தரவை 1994-லேயே பிறப்பித்தது. காதில் செருகப்படும் தண்டுக்கு அங்கு இன்னும் கடுமையான வரம்பு உள்ளது.

14 காரட்டும் 9 காரட்டும்

மக்கள் எதை அணிய வேண்டும் என்பதில் மத்திய அரசு தலையிட்ட வரலாறு பழையது. சீனப் போரை அடுத்து அன்னியச் செலாவணி நெருக்கடி முற்றிய நிலையில், அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டை அறிவித்தார். 14 காரட்டுக்கு மேற்பட்ட நகைகளைப் புதிதாகச் செய்யத் தடை விதிக்கப்பட்டது. பொற்கொல்லர்கள் வேலையிழந்தனர், மக்கள் 22 காரட்டைக் கைவிடவில்லை. காரட் வரம்பு தளர்த்தப்பட்ட பின்னரும் 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. அது 1990-ல் ரத்து செய்யப்பட்டது.

அன்று அரசின் ஆணையால் முடியாததை இன்று விலை செய்துகொண்டிருக்கிறது. 37.5 சதவீதமே தங்கம் கொண்ட 9 காரட் நகைகளும் 2025 ஜூலையில் ஹால்மார்க் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. மேற்கண்ட 2 கிராம் கம்மலை 9 காரட்டில் செய்தால் தங்கத்தின் மதிப்பு 7,500 ரூபாயில் அடங்கிவிடும். குறைந்த தரமானாலும் முத்திரையுடன் கிடைப்பது இளம் தலைமுறைக்கு நன்மையே.

பள்ளியின் பொறுப்பு

நகை விவாதத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அரசியல் சாசனம் கூறும் சமத்துவத்தை வகுப்பறைக்குள் கொண்டுவரும் முயற்சி அது. பள்ளிச் சீருடை மறைத்து வைக்கும் ஏற்றத்தாழ்வை ஒரே மாலையில் வெளிக்காட்டிவிடும் ஆற்றல் நகைக்கு உண்டு. 2025 பிப்ரவரியில் சூரத்தில் பள்ளிப் பிரிவுபசார விழாவுக்கு மாணவர்கள் சொகுசு கார் அணிவகுப்பாகச் சென்று, காவல்துறை நடவடிக்கை எடுக்கும் அளவுக்குப் போனது நினைவிருக்கலாம்.

பாதுகாப்பும் கவனத்துக்குரியது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 304-வது பிரிவு, பறிப்பைத் தனிக் குற்றமாக வரையறுத்து மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தாலும், குளிர்கால இரவில் வீடு திரும்பும் மாணவியின் கழுத்திலிருந்து பறிபோன தாயின் சங்கிலி திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பள்ளி நிர்வாகங்கள் செய்யக்கூடியது எளிது. விழா அழைப்பிலேயே தங்க நகை வேண்டாம் எனக் குறிப்பிட்டு, கண்ணாடி வளையலும் எளிய கம்மலும் போதும் என்ற வழக்கத்தை உருவாக்கலாம். பெற்றோர், தங்கமானால் அடையாளக் குறியை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். எடை, காரட், கல்லின் எடை ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிட்ட ரசீதைக் கேட்டு வாங்கலாம். கவரிங் நகையை விழாவுக்குச் சில நாள்கள் முன்பே அணிந்து பார்த்தால், ஒவ்வாமை இருப்பது தெரியவரக்கூடும்.

அரசு செய்ய வேண்டியது அதைவிடப் பெரியது. இலட்ச ரூபாய் ஆரத்துக்கு முத்திரை கேட்கும் சட்டம், இருநூறு ரூபாய் ஜிமிக்கியில் என்ன உலோகம் உள்ளது என்றும் கேட்க வேண்டும். வசதி படைத்தவர் வாங்கும் தங்கத்துக்கு உள்ள பாதுகாப்பு, ஜன்பத் நடைபாதையில் பேரம் பேசி வாங்கும் மாணவியின் காதுக்கும் கிடைப்பதே நியாயம்.