காரில் குளிர் வந்து வந்து போகிறதா?

கோவை விமான நிலையத்திலிருந்து வெளியூர் வியாபாரியை அழைத்து வரும் நாளில்தான் காரின் ஏ.சி. மக்கர் செய்யும். பட்டறைக்குப் போனால், "கேஸ் போட்டுவிடலாம்" என்பார்கள். கசிந்த கேஸ் தானாகத் திரும்பி வராது. குளிர் நாளுக்கு நாள் குறையும். வந்து வந்து போனால் வேறு கோளாறு இருக்கலாம். ஆகவே, குளிர் எப்போது போகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

காதர்பேட்டை நெரிசலில் போய், அவினாசி சாலையில் வேகமெடுத்ததும் திரும்புகிறதா? முன்புறக் கண்டன்சரில் பஞ்சுத் தூசி அடைத்திருக்கும். அல்லது அதன் மின்விசிறி சுற்றாது.

நெடுந்தூர ஓட்டத்தில் காற்றே குறைந்து, சிறிது நேரம் ஏ.சி.யை நிறுத்தினால் சரியாகிறதா? உள்ளே கூலிங் காயிலில் பனி உறைகிறது. துணிக்கட்டு ஏற்றும் வண்டி என்றால் முதலில் ஏ.சி. ஃபில்டரைப் பாருங்கள்.

பள்ளத்தில் குலுங்கும்போதோ, இன்ஜின் நன்கு சூடான பிறகோ சட்டென்று நிற்கிறதா? ஒயர் இணைப்பு, ரிலே, கம்ப்ரசர் கிளட்ச் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இவை சரியாக இருந்தால் மட்டும் கேஜ் வைத்து கேஸ் அழுத்தத்தை அளக்கச் செய்யுங்கள். குறைந்திருந்தால், கசிவை அடைத்த பிறகே நிரப்ப வேண்டும். அளக்காமல் அளவுக்கு மேல் ஏற்றினால் கம்ப்ரசரே கெடும். சிறு செலவு பெருஞ்செலவாகிவிடும்.