கற்பகாம்பாளுக்கு எத்தனை கட்டம்?

"சார், கற்பகாம்பாள் வந்தா மட்டும் கோடு கோணிக்குது."

மயிலாப்பூரில் ஒரு சின்ன வாசகசாலையின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் அம்மா போனில் சொன்னது இது. வாட்ஸ்அப்பில் போட்டோவும் அனுப்பியிருந்தார். கறுப்புத் திரையில் பெயர், எண், சந்தா என்று மூன்று பத்தி. கமலம் என்ற வரியில் நடுக்கோடு நேராக நிற்கிறது. கற்பகாம்பாள் வரியில் அதே கோடு இரண்டு கட்டம் வலப்பக்கம் தள்ளிப்போய், சந்தாத் தொகையையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கம்ப்யூட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டாராம்.

"போட்டோ போதாதும்மா, ட்ரேஸ் வேணும்" என்றேன்.

அந்தக் கறுப்புத் திரை ஒரு காலத்தில் தனிப் பெட்டியாக இருந்தது. மூளை எங்கோ தூரத்தில், கவுன்ட்டரில் ஒரு திரையும் விசைப்பலகையும் மட்டும். ரயில் முன்பதிவு 1980களில் டெல்லியில் கணினிக்கு மாறி, சென்னைக்கும் வந்தது இந்த ஏற்பாட்டில்தான். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்களில் பெரிய கணினிகள். மாம்பலத்திலோ மயிலாப்பூரிலோ கவுன்ட்டரில் முனையம். 1978இல் டெக் நிறுவனம் கொண்டுவந்த விடி100 என்ற முனையம் 80 பத்தி, 24 வரி என்ற அளவை ஊரெல்லாம் பரப்பியது. பெட்டிகள் காயலான் கடைக்குப் போய்விட்டன. அவற்றைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் மட்டும் நம் கணினிகளுக்குள் வாழ்கிறது. டெர்மினல் எமுலேட்டர் என்பது அதைத்தான்.

அதற்கு வந்து சேர்வது படம் அல்ல, எண்களின் வரிசை. 65 வந்தால் ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தை வரையும். 27 வந்தால் 'அடுத்து வருவது எழுத்தில்லை, கட்டளை' என்று காதைத் தீட்டிக்கொள்ளும். திரையை அழி, நிறத்தை மாற்று, இந்தக் கட்டத்துக்குப் போ என்பவை அப்படி வருபவை. திரையில் நாம் பார்ப்பது அந்த எண்களை எமுலேட்டர் புரிந்துகொண்ட விதத்தை. தவறு வந்த எண்ணிலா, புரிந்துகொண்டதிலா என்று போட்டோ சொல்லாது. வந்த எண்களை வந்தபடியே கோப்பில் பிடித்து வைத்தால் தெரியும். அந்தக் கோப்புதான் ட்ரேஸ்.

யூனிக்ஸில் இதற்கென்றே 'ஸ்கிரிப்ட்' என்ற கட்டளை 1979இலிருந்து இருக்கிறது. இன்றைய எமுலேட்டர்கள் பலவற்றின் அமைப்புப் பக்கத்திலேயே பதிவு செய்யும் வசதி உண்டு. வெறும் எழுத்தை மட்டும் பதியும் தேர்வும் அங்கே இருக்கும். அதை எடுத்தால் 27உம் அதன் கட்டளைகளும் உதிர்ந்துவிடும். எல்லாவற்றையும் பதியச் சொல்ல வேண்டும். வழியில், வலைக்கம்பியில் பிடிக்கலாமே என்றால், இப்போது பெரும்பாலும் இணைப்பே மறையாக்கம் செய்யப்பட்டது. கையில் கிடைப்பது புரியாத குப்பைதான். இன்னொன்று, உள்நுழைவதற்கு முன்பே பதிவைத் தொடங்கிவிட வேண்டும். நான் என்ன வகை முனையம், எனக்கு எத்தனை பத்தி என்று இரு தரப்பும் பேசிக்கொள்வது ஆரம்பத்தில்தான். பாதியில் தொடங்கிய பதிவில் அந்தப் பேச்சு இருக்காது.

இந்தக் கோப்பில் உறுப்பினர்களின் பெயரும் எண்ணும் அப்படியே விழும் என்பதால், இரண்டே இரண்டு பொய்ப் பதிவுகளை உண்டாக்கச் சொன்னேன். ஒரு கமலம், ஒரு கற்பகாம்பாள். முகவரி, போன் நம்பர் எதுவும் வேண்டாம். பட்டியலைத் திறந்து, மூடி, பதிவை நிறுத்தினார்.

கோப்பைப் பிரித்தேன். 224, 174, 149: க. 224, 174, 177: ற. 224, 175, 141: புள்ளி. தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். குறியீட்டு முறை மாறிப்போன தமிழ்க் கடிதத்தில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஆர்' திரும்பத் திரும்ப வரும், பார்த்திருப்பீர்கள். அது இந்த 174ஐ மேற்கத்திய அட்டவணைப்படி படித்ததன் விளைவு. இங்கே அந்தக் கோளாறு இல்லை. கற்பகாம்பாளுக்கு 12 குறியீடு, 36 பைட், எல்லாம் சரி. பிறகு 13 வெற்றிடம். பிறகு கோடு.

பெயருக்கு ஒதுக்கியது 20 கட்டம். 13 வெற்றிடம் அனுப்பியதால், பட்டியல் நிரல் அந்தப் பெயருக்கு ஏழு கட்டம் என்று எண்ணியிருக்கிறது. க, ற், ப, கா, ம், பா, ள்: நம் இலக்கணப்படியும் ஏழு எழுத்துதான். ஆனால் எமுலேட்டர் ஒன்பது எண்ணியது.

காரணம் என்னை அசர வைத்தது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் எத்தனை கட்டம் என்று சொல்ல மார்க்கஸ் குன் என்பவர் எழுதிய ஒரு சிறு நிரல்துண்டு உலகெங்கும் பல எமுலேட்டர்களுக்குள் போயிருக்கிறது. அது யூனிகோட் வகைப்பாட்டைப் பின்பற்றுகிறது. அதில் புள்ளியும் ஈகாரக் குறியும் எழுத்தின் மேல் உட்காருபவை, இடம் பிடிக்காதவை. துணைக்காலும் இகரக் குறியும் இடம் பிடிப்பவை. ஆகவே 'கீ' ஒரு கட்டம், 'கி' இரண்டு கட்டம்! 'கா' இரண்டு, 'பா' இரண்டு. கூடுதலாக வந்த இரண்டும் அங்கேதான். கமலத்தில் புள்ளியைத் தவிர வேறு குறி கிடையாது, அதனால் யார் எண்ணினாலும் நான்கு. மீனாட்சி என்று பதிந்திருந்தால் நிரலுக்கு நான்கு, எமுலேட்டருக்கு ஆறு. புதிய அட்டவணைகள் சில, உயிர்க்குறிகள் எதற்கும் தனிக் கட்டம் தருவதில்லை. ஒரு பக்கம் பழையது, மறுபக்கம் புதியது என்றால் கோடு கோணத்தான் செய்யும்.

எந்தக் கணக்கு சரி என்று வழக்காடி அந்த அம்மாவின் பட்டியலை நிமிர்த்த முடியாது. எண்ணும் வேலையையே எடுத்துவிட்டேன். பெயரை எழுதியதும் வெற்றிடம் போடாமல் '21ஆம் கட்டத்துக்குப் போ' என்று நேரடியாகச் சொல்லும்படி நிரலில் ஒரு வரி மாற்றம். மறுபடி பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். 13 வெற்றிடம் இருந்த இடத்தில் இப்போது ஐந்து எண்கள்: 27, 91, 50, 49, 71. அதை ஒட்டிக் கோடு.

கூடவே ஒரு போட்டோவும் அனுப்பியிருந்தார். கமலத்துக்குக் கீழே கற்பகாம்பாள், இரண்டுக்கும் ஒரே நேர்கோடு. பொய்ப் பதிவுகள் இரண்டையும் அழித்துவிடட்டுமா என்று கேட்டார். ட்ரேஸ் கோப்பையும் சேர்த்து அழிக்கச் சொன்னேன்.