உதடு முன்னால், குரல் பின்னால்: செல்போன் வீடியோவில் ஆடியோ விலகுவது ஏன்? சரிசெய்வது எப்படி?

வளைகாப்பு, பள்ளி ஆண்டு விழா, பாட்டியின் 80-வது பிறந்தநாள் என வீட்டு விசேஷங்கள் எல்லாம் இப்போது செல்போனில்தான் பதிவாகின்றன. போனில் பார்க்கும்போது வீடியோ சரியாகவே ஓடும். கம்ப்யூட்டரில் போட்டு எடிட் செய்ய ஆரம்பித்தால்தான் சிக்கல். உதடு அசைந்து முடிந்த பிறகு குரல் வரும். டப்பிங் சரியில்லாத படம் பார்ப்பது போல இருக்கும்.

'ஃபைல் கெட்டுப்போச்சு' என்று நினைத்து ஒரிஜினலையே டெலிட் செய்துவிடுபவர்களும் உண்டு. பாட்டியை மறுபடி அதே மாதிரி பேச வைக்க முடியாது. எனவே அந்த அவசரம் வேண்டாம். பெரும்பாலான நேரங்களில் ஃபைலில் எந்தத் தவறும் இருக்காது.

எவ்வளவு விலகினால் தெரியும்?

சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, குரல் படத்தைவிட சுமார் 45 மில்லி விநாடி முந்தினாலோ, 125 மில்லி விநாடி பிந்தினாலோ பார்ப்பவர்கள் அதைக் கவனித்துவிடுவார்கள். பிந்தி வரும் ஒலிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் செல்லும். தூரத்தில் ஆற்றங்கரையில் துணி துவைப்பவரின் கை கல்லில் பட்ட பிறகுதான் சத்தம் காதுக்கு வரும். அதற்கு மூளை பழகியிருக்கிறது. படத்துக்கு முன்னால் வரும் சத்தத்துக்குப் பழக்கமில்லை.

30 எஃப்.பி.எஸ் வீடியோவில் ஒரு ஃபிரேம் என்பது சுமார் 33 மில்லி விநாடி. அதாவது குரல் இரண்டு ஃபிரேம் முந்தினாலே உறுத்தும்.

முதலில் இதை செக் பண்ணுங்க

புளூடூத் ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டு எடிட் செய்கிறீர்களா? புளூடூத்தில் ஒலி வந்து சேரவே தாமதமாகும். வயர் ஹெட்செட்டிலோ ஸ்பீக்கரிலோ ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதில் சரியாக இருந்தால், வீடியோவில் கை வைக்கவே வேண்டாம்.

அடுத்து, ஒரிஜினல் ஃபைலை போனிலோ, வி.எல்.சி பிளேயரிலோ ஓட்டிப் பாருங்கள். அதில் உதடும் குரலும் ஒத்துப்போனால் ஃபைல் நன்றாக இருக்கிறது, எடிட்டிங் சாஃப்ட்வேர்தான் அதைத் தவறாகப் படிக்கிறது என்று அர்த்தம்.

விலகல் இரண்டு வகை

டைம்லைனில் வீடியோவின் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு விலகல் என்றால் அது நிலையான விலகல். தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக அதிகமானால் அது வளரும் விலகல். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

போகப் போக விலகுவது ஏன்?

செல்போன் கேமரா விநாடிக்குச் சரியாக 30 ஃபிரேம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தாலோ, போன் சூடானாலோ ஃபிரேம்களின் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் 'வேரியபிள் ஃபிரேம் ரேட்'. ஆடியோ மட்டும் சீரான வேகத்திலேயே பதிவாகும்.

ஒரு கணக்கு பார்ப்போம். 10 நிமிட வீடியோவில் சராசரியாக விநாடிக்கு 29.9 ஃபிரேம் பதிவானால் மொத்தம் 17,940 ஃபிரேம்கள். எடிட்டிங் சாஃப்ட்வேர் இதை 30 என்று எடுத்துக்கொண்டு ஓட்டினால் படம் 598 விநாடியில் முடிந்துவிடும். ஆடியோவோ 600 விநாடி. கடைசியில் 2 விநாடி விலகல்!

சரிசெய்வது எப்படி?

வளரும் விலகல் என்றால், எடிட் செய்வதற்கு முன்பே வீடியோவை சீரான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்ற வேண்டும். 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச சாஃப்ட்வேர் போதும்.

1. ஒரிஜினலை ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, ஃபைலை ஹேண்ட்பிரேக்கில் திறக்கவும்.
2. 4கே வீடியோ என்றால், ரெசல்யூஷனைக் குறைக்காத ப்ரீசெட்டைத் தேர்வு செய்யவும்.
3. 'வீடியோ' டேபில் ஃபிரேம் ரேட்டை 30 என்று வைத்து, 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதை டிக் செய்யவும்.
4. என்கோட் செய்து, புதிய ஃபைலை எடிட்டிங்கில் சேர்க்கவும்.

அடோபி பிரீமியர் ப்ரோ பயன்படுத்துபவர்கள், கிளிப்பின் எஃபெக்ட்ஸ் பகுதியில் 'ப்ரிசர்வ் ஆடியோ சிங்க்' தேர்வாகியிருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

நிலையான விலகல் என்றால் வேலை சுலபம். ஆடியோவைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினால் போதும். 'ப', 'ம' போன்ற உதடு மூடித் திறக்கும் எழுத்துகளைப் பார்த்து நகர்த்துங்கள். 'அம்மா', 'அப்பா' போன்ற சொற்கள் வரும் இடம் இதற்குக் கைகொடுக்கும்.

தனி மைக்கில் ரெக்கார்ட் செய்தால்?

குரலை இன்னொரு போனிலோ ரெக்கார்டரிலோ பதிவு செய்பவர்கள், கேமரா முன் ஒருமுறை கை தட்டிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. சினிமாவில் கிளாப் அடிப்பது இதற்காகத்தான். கைகள் சேரும் ஃபிரேமையும், ஆடியோவில் கூர்மையாக எழும் கோட்டையும் சேர்த்து வைத்தால் முடிந்தது. டாவின்சி ரிசால்வ் போன்ற சாஃப்ட்வேர்கள் ஒலி அலையை ஒப்பிட்டுத் தாமாகவே சேர்த்துவிடும்.

இரண்டு கருவிகளின் கடிகாரமும் நூறு சதவீதம் ஒன்றாக ஓடாது என்பதால், நீண்ட பதிவில் கொஞ்சம் விலகல் வரலாம். பேச்சு நிற்கும் இடங்களில் ஆடியோவை வெட்டி மறுபடி பொருத்தினால் சரியாகிவிடும். ரெக்கார்டர், எடிட்டிங் புராஜெக்ட் இரண்டிலும் ஆடியோவை 48 கிலோஹெர்ட்ஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை எடுக்கும்போது

ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்ட் வீடியோ என்று போய் 'ஆட்டோ எஃப்.பி.எஸ்' வசதியை ஆஃப் செய்யலாம். சில ஆண்ட்ராய்டு போன்களிலும் இது உண்டு. இதனால் ஏற்ற இறக்கம் முழுதாக நின்றுவிடாது, ஆனால் குறையும். நல்ல வெளிச்சத்தில் எடுங்கள். ஒரு மணி நேர நிகழ்ச்சியை ஒரே ஃபைலாக எடுக்காமல், 10 நிமிடத் துண்டுகளாக எடுத்தால் விலகலும் சேர்ந்துகொண்டே போகாது, போனும் சூடாகாது.

எடிட்டருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதாக இருந்தால் சாதாரண வீடியோவாக அனுப்பாதீர்கள். அது சுருக்கப்பட்டுத்தான் போய்ச் சேரும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். முடித்த வீடியோ கைக்கு வந்து, கடைசி நிமிடம் வரை உதடும் குரலும் சேர்ந்திருப்பதைப் பார்க்கும் வரை போனில் உள்ள ஒரிஜினல் அப்படியே இருக்கட்டும்.