வைஃபை என்றாலே வயர் வேலைதான்

"வைஃபை சரியில்ல சார், நல்ல ரூட்டரா ஒண்ணு சொல்லுங்க." தெரிந்தவர் ஒருவர் நடத்தும் மூன்று மாடி மாணவர் விடுதி. சுமார் 110 பேர். ஆன்லைன் தேர்வு நடந்த அன்று பாதிப் பேருக்கு நெட் இல்லை. ஒரு பையன் மொட்டை மாடியில் வெயிலில் உட்கார்ந்து, நண்பனின் ஹாட்ஸ்பாட்டில் பரீட்சை எழுதியிருக்கிறான்.

போய்ப் பார்த்தால், ஏற்கனவே ஆறு ரூட்டர் இருக்கு! ஒன்று மெயின், மற்ற ஐந்தும் அதன் பின்னால் வெறும் வைஃபை பெட்டிகள். போனில் சிக்னல் ஃபுல். ஆனால் ஐபி கிடைக்கவில்லை. மெயின் ரூட்டர் 100 முதல் 199 வரை, அதாவது 100 ஐபி முகவரிகள்தான் கொடுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப் என்றாலே 220 ஆயிடுச்சே. போதாததற்கு ஒருமுறை கொடுத்த முகவரியை 24 மணி நேரம் திரும்ப வாங்காது. முந்தின நாள் வந்துபோன விருந்தாளியின் போன்கூட ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

புதிய அமைப்பில் சப்நெட் மாஸ்க் 255.255.252.0. 1,022 முகவரிகள். லீஸ் 2 மணி நேரம். பரீட்சைப் பிரச்சினை இதிலேயே முக்கால்வாசி தீர்ந்தது.

மீதி? ஆக்சஸ் பாயின்ட்களை ஒரே இடத்திலிருந்து மேய்க்க ஒரு கன்ட்ரோலர். இதை எல்லோரும் பெரிசா பேசுவாங்க. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் மென்பொருளாகப் போட்டாலே ஓடும். காசும் கவனமும் போக வேண்டியது கேபிளுக்கும் ஸ்விட்ச்சுக்கும்தான்.

ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்டுக்கும் தனி ஈதர்நெட் கேபிள், 100 மீட்டருக்குள். அதே கேபிளில் மின்சாரமும் போகும் (பிஓஇ). கடையில் மலிவாகக் கிடைப்பதில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. பிளேடால் சுரண்டிப் பாருங்க, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். மின்தடை அதிகம், சூடாகும், கொஞ்சம் வளைத்தாலே ஒடியும். சுவருக்குள் போன பிறகு யார் தோண்டுவது?

ஸ்விட்ச்சிலும் ஒரு சூட்சுமம் உண்டு. போர்ட்டுக்கு 15.4 வாட் என்று போட்டிருக்கும். 8 போர்ட்டுக்கு 123 வாட் வேண்டும். மொத்த பட்ஜெட் 60 வாட்தான் என்பது பொடி எழுத்தில் இருக்கும்.

அப்புறம் பவர். ஆக்சஸ் பாயின்ட் சிக்னலை முழுசா ஏத்தி வைப்பது தப்பு. அது கத்துவது போனுக்குக் கேட்கும், போன் முனகுவது அதற்குக் கேட்காது. அதனால் குறைத்து வைத்தோம். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 மட்டும். இவை மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது.

ஸ்விட்ச், ரூட்டர், கன்ட்ரோலர் மூன்றும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கின்றன. கரண்ட் போனாலும் வைஃபை நிற்பதில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மூலை அறையில் மட்டும் இன்னும் ஒரே ஒரு கோடு. அங்கே ஒரு வயர் இழுக்கணும்.