மவ்த்தான வீட்டில் வரும் முதல் பெருநாள்



மவ்த் நிகழ்ந்த வீட்டில் வரும் முதல் பெருநாளன்று அடுப்பு மூட்டுவதில்லை, பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுப்பதில்லை என்னும் வழக்கம் நம் ஊர்கள் சிலவற்றில் உண்டு. தொழுதுவிட்டு வரும் உறவினர்களும் அன்று துக்கத்தைப் புதிதாக விசாரிப்பார்கள். மறைந்தவருக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணியே இதைச் செய்கிறார்கள். எம் வாப்பா மவ்த்தான ஆண்டு, தைத்து வந்திருந்த சட்டையை அணியலாமா என்று தம்பி கேட்டான். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, விடை சொல்லவில்லை. அவனுக்கு அப்போது 9 வயது.

துக்கத்திற்கு மார்க்கம் எல்லை வகுத்துள்ளது. கணவனை இழந்த மனைவியைத் தவிர வேறெவரும் 3 நாட்களுக்கு மேல் துக்கம் கடைப்பிடிக்கலாகாது. தம் தந்தை அபூசுஃப்யான் (ரலி) இறந்த மூன்றாம் நாள், அன்னை உம்மு ஹபீபா (ரலி) நறுமணப் பொருளை வரவழைத்துப் பூசிக்கொண்டார்கள். நறுமணத்தின் மீது ஆசை கொண்டு அல்ல; நபி (ஸல்) அவர்களின் இக்கட்டளையைக் கேட்டிருந்ததனால்தான் என்று அவர்களே விளக்கினார்கள். புகாரியில் இச்செய்தி உள்ளது.

துக்கம் கடைப்பிடிப்பது வேறு, கண்ணீர் வேறு. மகன் இப்ராஹீமின் இறுதி வேளையில் நபியவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. கேட்டவர்களிடம் இது இரக்கம் என்றார்கள். எனவே, பெருநாள் காலையில் வாப்பாவின் இடம் வெறுமையாக இருப்பதைக் கண்டு அழும் தாயிடம், "உனக்குப் பொறுமை இல்லையா?" என்று கடிந்து பேசுவோர் தாம் என்ன சொல்கிறோம் என்று சிந்திக்க வேண்டும்.

மனைவியின் நிலை தனியானது. அவருக்கு இத்தா 4 மாதம் 10 நாள். கருவுற்றிருந்தால் பிரசவம் வரை. ரமளான் தொடக்கத்தில் கணவர் இறந்திருந்தால், நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் இரண்டுமே இத்தாவுக்குள் வந்துவிடும். அந்நாட்களிலும் சுருமா, அத்தர், அலங்கார ஆடை ஆகியவற்றை அவர் தவிர்க்க வேண்டும். ஆனால் அத்தடை அவருக்கு மட்டுமே உரியது. அதைப் பிள்ளைகள் மீதும் மருமகள்கள் மீதும் சுமத்துவதற்கு ஆதாரமில்லை.

பிள்ளைகளைப் பற்றி ஒரு செய்தி. ஹிஜ்ரி 8இல் முஃத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானபோது, அக்குடும்பத்திற்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) பணித்தார்கள். 3 நாட்கள் கழித்து அவ்வீட்டிற்கு வந்து, இனி என் சகோதரருக்காக அழ வேண்டாம் என்றார்கள். சிறுவர்களை அழைத்து, நாவிதரைக் கொண்டு அவர்களின் தலைமுடியைச் சீர்செய்யச் செய்தார்கள். தந்தையை இழந்த பிள்ளைகள் கவனிப்பாரற்றுக் கலைந்த தலையுடன் இருக்கக் கூடாது என்பதே இதில் நாம் காணும் அக்கறை. தம்பியின் கேள்விக்கு விடை இங்கே இருந்தது. அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

மறைந்தவரை நினைவுகூர அழகிய வழியும் உண்டு. அன்னை கதீஜா (ரலி) மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின்னரும், ஆட்டை அறுத்தால் அவர்களின் தோழியருக்கு நபியவர்கள் பங்கு அனுப்புவார்கள். குர்பானி இறைச்சியைப் பங்கிடும் வீட்டார், உம்மாவின் தோழியர் யார் யார் என்று தெரியாவிட்டால், வீட்டில் மூத்தவரிடம் பெருநாளுக்கு முன்பே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.