மஞ்சளும் மூட்டு வலியும்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சூழ்ந்த நிலம் வானம் பார்த்த பூமியாகும். ஐப்பசி மழை பெய்தால் பருத்தியும் மல்லியும் மிளகாயும் விளையும்; பொய்த்தால் கண்மாயும் குண்டாறும் வறண்டு கிடக்கும். நாளெல்லாம் குனிந்து களையெடுப்போர்க்கும், தறியில் அமர்ந்து நெய்வோர்க்கும் முதுமையில் மூட்டு வலி வருதல் உண்டு. நீர் மிகுதியும் வேண்டும் மஞ்சள், ஈரோடு போன்ற பகுதிகளின் விளைபொருள். எனினும், அஃது இல்லாத அடுக்களை இங்கில்லை. வீங்கிய மூட்டில் மஞ்சளைக் குழைத்து வெதுவெதுப்பாகப் பற்றிடுவதும், மிளகுப்பொடி சேர்த்த மஞ்சட்பாலைப் பருகுவதும் நம் மூதாட்டியர் வழக்கம். இவ்வழக்கத்தில் உண்மை உண்டா?

சிவப்பு, சூடு, வீக்கம், வலி ஆகிய நான்கும் ஓரிடத்தில் தோன்றுவதை அழற்சி என்பர். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் என்னும் பொருள், அழற்சியைத் தூண்டும் சில வேதிப்பொருள்கள் உண்டாவதைக் குறைப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த தாய்லாந்து ஆய்வொன்றில், முழங்கால் மூட்டுத் தேய்ந்த 367 பேர் பங்கு கொண்டனர். நான்கு வாரம் மஞ்சட்சத்து உண்டவர்கள், ஐபுபுரோபன் என்னும் வலி மாத்திரை உண்டவர்களை ஒத்த நலம் பெற்றனர்.

ஆயினும், மாணவர்களே, இங்கு ஒரு கணக்கை நோக்குதல் வேண்டும். அவர்கள் உண்டது நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் பிரித்தெடுத்த சத்து. நம் வீட்டு மஞ்சட்பொடியிலோ நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கே குர்க்குமின் உள்ளது. ஒரு கிராம் பொடியில் 30 மில்லிகிராம் இருந்தால் பெரிது. அதுவும் குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. மிளகின் காரப்பொருளாகிய பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தால், குர்க்குமின் 20 மடங்கு மிகுதியாக உடலில் சேர்வதைப் பெங்களூர்ச் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998 இல் கண்டறிந்தனர். பாலில் மிளகு சேர்த்த பக்குவம் பொருளுடையதே அன்றோ! எனினும், குழம்பில் இடும் மஞ்சள் உணவேயன்றி மருந்தின் அளவு அன்று.

மூட்டு வலி யாவும் ஒன்றல்ல. முடக்குவாதம் என்பது மூட்டின் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கும் நோய். அது இளையோரையும் பற்றும். காலையில் நெடுநேரம் விலகாத விறைப்பும், வாரக்கணக்கில் வடியாத வீக்கமும் அதன் அறிகுறிகள். அந்நிலையில் பற்றை நம்பி நாளைக் கடத்தினால், கோணிய விரல்களைப் பின்னர் எம்மருந்தும் நிமிர்த்தாது. குருதி உறையாமல் தடுக்கும் மருந்து உண்போரும், பித்தக்கல் உடையோரும் மருத்துவரைக் கேளாது மஞ்சட்சத்து மாத்திரைகளை உண்ணலாகாது.

முன்னோர் அறிவை இகழ்தலும் தவறு. ஆராயாது ஏற்றலும் தவறு. உங்கள் பாட்டியின் முழங்காலுக்கு அன்போடு மஞ்சட்பற்று இடுங்கள். வீக்கம் வடியாவிடின், அவர் கைப்பற்றி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.