70,000 ரூபாய் கேமரா பீரோவுல தூங்குதா?

போனஸ் கைக்கு வந்ததும் நம்மில் பல பேருக்கு வர்ற ஆசை, "ஒரு நல்ல கேமரா வாங்கணும்". எனக்கும் வந்துச்சு. டிஎஸ்எல்ஆர் பாடி, 18-55 லென்ஸ், 55-250 ஜூம், பை, டிரைபாட் எல்லாம் சேர்த்து 70,000 ரூபாய். மகாபலிபுரம், ஏற்காடு, தங்கச்சி வளைகாப்புன்னு மூணு மாசம் சுத்திச் சுத்தி எடுத்தேன். அப்புறம் பீரோவுக்குள்ள போயிடுச்சு.

காரணம் ரொம்ப சிம்பிள், எடை. கேனான் 1500டி பாடி மட்டும் பேட்டரியோட 475 கிராம். ரெண்டு லென்ஸும் சேர்ந்தா ஒரு கிலோவைத் தாண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போற பஸ்ல லேப்டாப் பையோட இதையும் யார் தூக்குறதுன்னு விட்டுட்டுப் போனேன். அது பாட்டியோட கடைசிப் பொங்கல். விடியற்காலை இருட்டுல பானை முன்னாடி பாட்டி நிக்கிற படம் போன்ல கலங்கலா விழுந்தது. இருக்கிறது அது ஒண்ணுதான்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ஹார்ட் டிஸ்க்ல தேதி வாரியா ஃபோல்டர் இருக்கு, எண்ணிப் பார்த்தா ரெண்டு வருஷத்துல 19 நாள். சென்னை ஈரப்பதத்துல லென்ஸுக்குள்ள பூஞ்சை வேற பிடிச்சிருந்ததால 31,000-க்குத்தான் விலை போச்சு. நஷ்டம் 39,000. ஒரு நாளைக்கு 2,000 ரூபாய்க்கு மேல! அதுக்கு வாடகைக்கே எடுத்திருக்கலாம்.

"சின்ன கேமரான்னா குவாலிட்டி வராதே ப்ரோ"ன்னு கேப்பீங்க. இங்கதான் சென்சாரைப் பாக்கணும். பழைய டிஜிகேம்கள்ல பெரும்பாலும் 1/2.3 இன்ச் சென்சார். ஒரு இன்ச் சென்சாரோட பரப்பு அதைவிட நாலு மடங்கு. (பேருதான் ஒரு இன்ச், நிஜத்துல 13.2 x 8.8 மி.மீ.) 2012-ல வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100-ல இந்த சென்சார்தான், எடை 240 கிராம். 2016-ல வந்த கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2-லயும் இதேதான். அதோட லென்ஸ் எஃப்/1.8-2.8. டிஎஸ்எல்ஆரோட வர்ற கிட் லென்ஸ் எஃப்/3.5-5.6. சென்சார் மூணுல ஒரு பங்குதான், ஆனா லென்ஸ் நாலு மடங்கு வெளிச்சம் விடுது. கிட் லென்ஸை மாத்தாம ஓட்டப் போறீங்கன்னா, மங்கின வெளிச்சத்துல ரெண்டும் கிட்டத்தட்ட சமம்.

ஜூமே வேண்டாம்னா ரிக்கோ ஜிஆர் 3. டிஎஸ்எல்ஆர்ல இருக்கிற அதே ஏபிஎஸ்-சி சென்சார், 257 கிராம், பேன்ட் பாக்கெட்ல போகும். ஆனா ஃபிளாஷ் கிடையாது.

பறவை, கிரிக்கெட், கல்யாண ஆர்டர்னா இதெல்லாம் சரிப்படாது. சம்பாதிக்கிறதுக்குப் பெரிய கேமராவே வாங்குங்க, அது தொழில் கருவி. வெறும் பகல் வெளிச்ச செல்ஃபிதான்னா, போனே போதும். இன்ஸ்டாவுல டிரெண்டுன்னு 2010 மாடல் டிஜிகேமை ஆயிரக்கணக்குல வாங்குறது எனக்கு சுத்தமா பிடிக்கல.

அடுத்து, நோ காஸ்ட் இஎம்ஐ. 70,000 ரூபாய் பொருள், 12 மாசம், வட்டி 15%னு வச்சுக்குவோம். வட்டி சுமார் 5,370 வரும், அதை டிஸ்கவுண்ட்டா முன்னாடியே கழிச்சிடுவாங்க. ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, கிட்டத்தட்ட 970 ரூபாய், உங்க கார்டுல ஏறும். பிராசஸிங் ஃபீஸ் தனி. முழுப் பணம் கட்டினா கடைக்காரர் என்ன குறைப்பார்னு கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

நான் கடைசியில செகண்ட் ஹேண்ட்ல ஒரு காம்பாக்ட் வாங்கினேன். இப்போ அது டிபன் பாக்ஸ் பக்கத்துல ஆபீஸ் பையிலேயே கிடக்கு. நீங்களும் பழசு வாங்கினா பில்லுல இருக்கிற சீரியல் நம்பரும் கேமராவுல இருக்கிறதும் ஒண்ணான்னு பாருங்க. ஆன், ஆஃப் பண்ணும்போது லென்ஸ் திக்காம வெளிய வந்து உள்ள போகணும். முக்கியமா, எஃப்/11 வச்சு ஒரு வெள்ளைச் சுவரைப் படம் எடுத்து பெருசாக்கிப் பாருங்க. கரும்புள்ளி தெரிஞ்சா சென்சார்ல தூசி. இந்த கேமராக்கள்ல லென்ஸைக் கழட்ட முடியாது, மொத்தமா பிரிச்சுத்தான் துடைக்கணும். அந்தச் செலவைக் கழிச்சுட்டு விலை பேசுங்க, ஒத்துக்கலைன்னா அடுத்த ஆளைப் பாருங்க.